நாந்தான் சொன்னேன்

கப்பல் எப்படி இருந்தது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நன்றாக இருந்தது என்று சொல்கிறேன். அது பொய் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இலங்கைக் கரையில் ஒரு பகல் இறங்கிச் சுற்றிவிட்டுத் திரும்பும் நான்கு நாள் பயணம். விடியும்போது கடலின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கலாம். வேலையில்லை, சமையல் இல்லை, யாரும் கதவைத் தட்டுவதில்லை. படங்கள் கைப்பேசியில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் சிரிக்கிறோம்.

படத்தில் இல்லாதது ஒரு நாற்பது நிமிடம். அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. இப்போதும் வீட்டில் மகள் பக்கத்து அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் போதும், கூப்பிட்டுவிடுகிறேன். ‘என்னப்பா’ என்று பதில் வரும்வரை கையில் இருக்கும் வேலை ஓடாது.

போனவர்கள் நான்கு பேர்: நான், மனைவி, எட்டு வயது மகள், அப்பாவின் தங்கையான என் அத்தை. அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகு தென்காசி வீட்டில் அத்தை மட்டும்தான் இருக்கிறாள். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆய்க்குடியில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கப்பல் என்றதும் முதலில் மாட்டேன் என்றாள். ‘எனக்கு எதுக்குலே கப்பலு, மூணு மைல் போனா அருவி கெடக்கு’ என்றாள். ஆச்சி வந்தே ஆக வேண்டும் என்று மகள் தொலைபேசியில் அழுதாள். அதற்குப் பிறகு அத்தை அறுபத்திரண்டாவது வயதில் முதல்முறையாக பாஸ்போர்ட் எடுத்தாள். ஒரு பை நிறைய நேந்திரங்காய் சிப்ஸோடு செங்கோட்டை வண்டியில் ஏறி சென்னைக்கு வந்து சேர்ந்தாள்.

முதல் நாள் முழுக்க மனைவிக்குத் தலைசுற்றலும் வாந்தியும். சாப்பாட்டுக் கூடத்தில் உலகத்துப் பண்டம் எல்லாம் இருந்தது. ஆனால் இட்லிக்கு ஊற்றிய சாம்பார் இனித்தது. அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, ‘இது சாம்பாராலே, பாயாசமா? முந்திரிப் பருப்பைத்தான் காணோம்’ என்றாள். அவளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. குற்றாலத்துத் தண்ணீருக்குத் தலையைக் கொடுத்தே வளர்ந்தவள் அவள். ‘சுத்தி இம்புட்டுத் தண்ணி கெடக்கு. குளிக்கதுக்கு நூலு மாதிரி விடுதான்’ என்று குளியலறையிலிருந்து வெளியே வந்தாள். ஆனால் கடலைப் பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். கம்பி ஓரத்துக்கு மட்டும் வர மாட்டாள். நான்கடி தள்ளி நாற்காலி போட்டுக்கொள்வாள்.

மகள் மேல்தளத்து நீச்சல் குளத்தில் இறங்கும்போது அத்தை ஒரு காரியம் செய்வாள். குழந்தை கழற்றிப் போட்ட செருப்புகளை உடனே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். ஈரம் சேலையில் இறங்கும், அதைப் பொருட்படுத்துவதில்லை. மனைவி சிரித்தாள்.

‘அத்தை, இங்க யாரும் செருப்பைத் திருட மாட்டாங்க.’

‘இருக்கட்டும்மா. கைக்கு ஒரு சோலி வேணும்லா’ என்றாள் அத்தை.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை. மனைவி அறையில் படுத்திருந்தாள். நாங்கள் மூன்று பேரும் குளத்தருகே இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மகளைக் காணவில்லை. நீருக்குள் இல்லை, ஐஸ்கிரீம் வரிசையில் இல்லை, கழிப்பறையில் இல்லை. அத்தையும் நாற்காலியில் இல்லை. அவள்தான் குழந்தையை அழைத்துப் போயிருப்பாள் என்று அறைக்கு ஓடினேன். அத்தை அங்கே சர்க்கரை மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவளோடு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. பதினோரு மாடிக் கட்டடம் ஒன்று தண்ணீரில் நகர்கிறது, அதற்குள் எங்கோ ஒரு குழந்தை. ஈர அரைக்கால் சட்டையோடு வெறுங்காலில் படிகளில் ஏறி இறங்கினேன். முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்து உலுக்கினேன். ஊழியர் ஒருவர் குழந்தை என்ன நிறத்தில் உடை போட்டிருந்தது என்று பொறுமையாகக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்து நிமிடம் முன்புவரை எதிரில் இருந்த பிள்ளையின் உடை நினைவில் இல்லை. பின்தளத்துக் கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தேன். கப்பல் போன தடம் வெள்ளை நுரையாக நீண்டுகொண்டே போனது. அதில் நான் என்ன தேடினேன் என்பதை எழுத விரும்பவில்லை.

யாரும் என்னைத் தப்பாக நினைக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பெண்மணி தோளில் துண்டு போர்த்திவிட்டார். ஒரு பெரியவர், ‘தகப்பன்னா இப்படித்தான் தம்பி இருக்கணும்’ என்றார்.

நாற்பது நிமிடம் கழித்து ஓர் ஊழியப் பெண் மகளின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கீழ்த்தளத்து அரங்கில் மேஜிக்காரர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாராம். முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஒரு முயலை எங்கே ஒளித்து வைப்பார்கள் என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கூட்டத்தையும் என் முகத்தையும் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் கையை ஓங்கிக்கொண்டு போனேன்.

‘யாரு உன்னைப் போகச் சொன்னா?’

‘ஆச்சிதான் போகச் சொன்னாங்க’ என்றாள்.

அத்தை அப்போதுதான் மூச்சிரைக்கப் படியேறி வந்திருந்தாள். கையில் மகளின் செருப்புகள். அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

‘ஆமாய்யா, நாந்தான் சொன்னேன். பிள்ளையை அடிக்காத’ என்றாள்.

ஓங்கிய கை இறங்கிவிட்டது. வாய் இறங்கவில்லை. வயதுக்கேற்ற அறிவு வேண்டாமா என்றேன். உங்களைக் கூட்டிக்கொண்டு வந்ததே தப்பு என்றேன். இத்தனை பேர் நடுவில் அதோடாவது நின்றிருக்கலாம்.

‘சொந்தமா ஒண்ணைப் பெத்திருந்தா இந்தப் பதற்றம் என்னன்னு தெரிஞ்சிருக்கும்’ என்றேன்.

அத்தை குனிந்து செருப்புகளைக் குழந்தையின் காலருகே ஜோடியாக வைத்தாள். ‘போட்டுக்கோட்டி, தரை வழுக்குது’ என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

‘நாந்தான் சொன்னேன், பிள்ளையை அடிக்காத’ என்று அத்தை சொன்னது எங்கேயோ கேட்ட வார்த்தைகள் என்று அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே எனக்குத் தோன்றியது. எங்கே என்று தெரிய மறுநாள் காலைவரை ஆயிற்று.

அப்போது எனக்கும் எட்டு வயது.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு விருந்தாளிகள் ஓய மாட்டார்கள். அருவியில் குளிக்க என்று வருவார்கள். அதற்குள் ஒளிந்துகொண்டு வேறொன்றும் நடக்கும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் சும்மா சீசனுக்கு வந்தது போல வருவார்கள். தட்டு இல்லை, பூ இல்லை, பெண்ணைக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதும் இல்லை. எல்லாரும் சேர்ந்து குற்றாலம் போவார்கள். போகிற வழியில், வருகிற வழியில் பெண்ணைப் பார்ப்பார்கள், பெண்ணும் பார்த்துக்கொள்வாள். பிடித்தால் ஊருக்குப் போய்க் கடிதம் போடுவார்கள். பிடிக்காவிட்டால் சீசனுக்கு வந்தோம், போனோம் என்று இரு பக்கமும் மரியாதை கெடாமல் முடிந்துவிடும். பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதனால் பிள்ளைகளுக்கும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே அந்த ஆனி மாதத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள் எனக்கு வெறும் விருந்தாளிகள். ஓர் அம்மா, மூக்குக் கண்ணாடி போட்ட அவருடைய மகன். மகனிடம் ஒரு கேமரா இருந்தது. மழைத்தூறலில் நனையாமல் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். இருபத்தாறு வயது அத்தை அன்று மாம்பழ நிறத்துப் பட்டுக் கட்டியிருந்தாள். அருவிக்குப் போகும்போது யாராவது பட்டுக் கட்டுவார்களா என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

ஐந்தருவியில் குளித்து முடித்து, அந்தச் சாலையில் இருக்கும் குளத்துக்கு வந்தோம். அங்கே அப்போதுதான் படகு விட ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு வகைப் படகு. ஒன்று காலால் மிதித்து ஓட்டுவது. இன்னொன்றைப் படகுக்காரர் துடுப்புப் போட்டு ஓட்டுவார். நான் ஒரு வாரமாக மிதிபடகைச் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் அப்பாவின் திட்டம் வேறு. துடுப்புப் படகில் கண்ணாடிக்காரர், அவர் அம்மா, அத்தை, துணைக்கு நான். அப்பாவும் அம்மாவும் கரையில் நிற்பார்கள். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் நான்கு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்பது கணக்கு.

‘எனக்கு மிதிக்கிற போட்டுதான் வேணும்’ என்றேன்.

‘வாயை மூடிக்கிட்டு ஏறுலே’ என்றார் அப்பா.

படகில் செருப்போடு ஏறக்கூடாது என்று படகுக்காரர் சொன்னார். நான் என் செருப்புகளைத் தண்ணீரோரத்துக் கடைசிப் படியில் கழற்றி வைத்தேன். அதற்குள் கண்ணாடிக்காரர் எல்லாரையும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று மேலே கூப்பிட்டார். அத்தையிடம் அவர் ஏதோ சொன்னார். அத்தை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க எனக்கு மட்டும் மிதிபடகு இல்லை என்பது பெரிய அநியாயமாகப் பட்டது. ஓடினேன். கரையில் பழுது பார்ப்பதற்காக ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் அடியில் நுழைந்துகொண்டேன்.

தார் மணத்தது. படகு விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே கால்கள் மட்டும் தெரிந்தன. என் பெயரைச் சொல்லி முதலில் அம்மா கூப்பிட்டாள், பிறகு அப்பா. அவர்கள் கால்கள் தேங்காய்ப் பத்தை விற்கும் பக்கமாகப் போயின. பிறகு கொலுசு போட்ட இரண்டு கால்கள், மாம்பழ நிறச் சேலைக் கரையோடு, படியில் இறங்கி வந்தன. என் செருப்புகளுக்கு முன்னால் வந்து நின்றன.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு தண்ணீருக்குள் இறங்கின.

அத்தை கால் நனைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். என் பெயர் கேட்டது. அந்தக் குரலை அத்தையுடையது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. படகுக்காரர்கள் ஓடும் கால்கள், தண்ணீர் அடிபடும் சத்தம். விளையாட்டு முடிந்துவிட்டது என்று புரிந்து வெளியே வந்தேன். அத்தையை இரண்டு பேர் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நீச்சல் தெரியாது. கழுத்தளவு போயிருக்கிறாள். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது, பட்டு முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் தவழ்வது போல வந்து என் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். கூட்டம் கூடிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அவர் கை எனக்குத் தெரியும்.

‘ஏலே, யாருலே உன்னை ஒளியச் சொன்னது?’

யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்று அவரே வழி காட்டிவிட்டார். எதிரில் இருந்தது அத்தை.

‘அத்தைதான் ஒளியச் சொன்னா’ என்றேன்.

அத்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள்.

‘ஆமாண்ணே, நாந்தான் சொன்னேன். பிள்ளையை அடிக்காத’ என்றாள்.

கை இறங்கியது. அடி விழவில்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களையும் தூத்துக்குடி அம்மா கேட்டுவிட்டார். அவர் கோபப்படவில்லை. என் அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

‘பொண்ணுக்கு இஷ்டமில்லைன்னா முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா. நாங்க வந்திருக்க மாட்டோம். பிள்ளையை ஒளிச்சு வச்சு, தண்ணிக்குள்ள எறங்கி, எதுக்கு இந்தக் கூத்து?’

‘அப்படி இல்லக்கா’ என்று அம்மா தொடங்கினாள். அந்த அம்மா அதற்குள் பையை எடுத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் கேமராவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர்கள் வேறு பேருந்தில் போனார்கள். அவர் எடுத்த படம் எங்களுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த வரன்கள் வீடுவரை வரவில்லை. விசாரித்த இடத்திலேயே நின்றன. கல்யாணம் வேண்டாம் என்று குளத்தில் இறங்கிய பெண்தானே என்று செங்கோட்டையில் கேட்டார்களாம். இரண்டு வருடம் கழித்து அதுவே குளத்தில் குதித்த பெண் என்று ஆகியிருந்தது. அத்தை ஆய்க்குடிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். தரகர் வருவது நின்றது. வீட்டில் அந்தப் பேச்சும் நின்றது. நான் வளர்ந்தேன், படித்தேன், சென்னைக்கு வந்தேன். ஒளியச் சொன்னது அத்தை இல்லை என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு முப்பது வருடம் இருந்தது. அவர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையே ஒரு காரணமாக வைத்துக்கொண்டு நானும் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் மறந்தே போனேன். மறப்பதற்கு எனக்கு வசதி இருந்தது.

கப்பலில் கடைசி நாள் காலையில் மனைவி சொன்னாள். மகள் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். ஆச்சி எதுவும் சொல்லவில்லை, அப்பா அடிப்பார் என்று பயந்து சொன்னேன் என்றாளாம். மனைவி இன்னொன்றும் சொன்னாள். மாத்திரை போட அறைக்கு வந்த அத்தை, குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு வந்ததாக அப்போதே சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதும்தான் எனக்கும் நினைவு வந்தது. நான் கைப்பேசியில் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். காதருகே அத்தையின் குரல், ‘மாத்திரை போட்டுட்டு வாரேன், பிள்ளையைப் பாத்துக்கோ’ என்றது. நான் தலையாட்டினேன். தலையாட்டியது நான்.

மேல்தளத்துக்குப் போனேன். அத்தை கம்பியிலிருந்து நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மகள் குளத்தில் இருந்தாள். செருப்புகள் அத்தையின் மடியில் இருந்தன. அவற்றைப் பார்த்தபோதுதான், அந்தக் கடைசிப் படியும் என் செருப்புகளும் மாம்பழ நிறச் சேலைக் கரையும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குள் வந்தன. உட்கார்ந்தேன்.

‘அவ உண்மையைச் சொல்லிட்டா, அத்தே’ என்றேன்.

‘சின்னப் பிள்ளைதான. விடு.’

‘நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?’

அத்தை குளத்தைப் பார்த்தபடியே இருந்தாள்.

‘நீ கையை ஓங்கிட்டு வந்தல்லா. எங்கண்ணன் வந்த மாதிரியே இருந்துச்சுலே. அதே கை. அதான் வாயில வந்துட்டு’ என்றாள்.

அவள் மறக்கவில்லை. நான் அந்த ஐந்தருவிச் சாலைக் குளத்தைச் சொல்ல வாயெடுத்தேன். என் பொய்யை, தூத்துக்குடி அம்மாவை, முந்தின நாள் நான் பத்துப் பேர் நடுவில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை. ‘நேத்து நான் பேசினது…’ என்றேன்.

‘காப்பி ஆறுது. குடி’ என்றாள் அத்தை.

குடித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவளைச் செங்கோட்டை வண்டியில் ஏற்றிவிட்டபோதும் சொல்லவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அழைத்தாள். சாரல் விழுகிறது, வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறது, ஆசை தீரக் குளித்தேன் என்றாள். மகளிடம் கொஞ்ச நேரம் பேசினாள். கப்பல் ரொம்ப நன்றாக இருந்தது என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாளாம்.

எட்டு வயதில் அந்தக் குளத்திலிருந்து நாங்கள் வீடு திரும்பிய பேருந்து இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா முன்னிருக்கையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அத்தை என் பக்கத்தில், ஈரப் பட்டோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு. படியில் கிடந்த என் செருப்புகளை எடுத்து வந்து மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். எனக்கு ஜன்னல் கிடைத்திருந்தது. அடி விழவில்லை. ஒருவரும் என்னைத் திட்டவும் இல்லை. எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. நான் சொன்ன பொய்யை அத்தையே நம்பிவிட்டாள், தான் சொல்லாததைச் சொன்னதாக நினைத்துக்கொண்டாள், இப்படியும் ஒரு ஏமாளி உண்டா என்று நினைத்தேன். இவள் கூட இருக்கும்வரை நமக்குப் பயமில்லை என்று அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.